ஆறு இப்போது ஓடும் இடம்

அரையாண்டுத் தேர்வின் புவியியல் விடைத்தாள்கள் திரும்பி வந்தபோது, ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் ஒருவர்கூட வரைபடக் கேள்விக்கு மதிப்பெண் வாங்கியிருக்கவில்லை. வகுப்பு மொத்தத்துக்கும் முட்டை. பக்கத்துப் பிரிவில், வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறவன்கூட ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்தான்.

அது மாவட்டம் முழுவதற்கும் பொதுவான தேர்வு. தாள்களைத் திருத்தியவர்கள் வேறு பள்ளி ஆசிரியர்கள். கேள்வியும் ஒன்றும் கடினமானதில்லை. கொடுக்கப்பட்ட வெற்று வரைபடத்தில் மாவட்டத்தின் ஆற்றை வரைந்து, அது கடலில் சேரும் இடத்தைக் குறிக்க வேண்டும். 'ஆ' பிரிவுப் பிள்ளைகள் அனைவரும் ஆற்றைச் சரியாகவே வரைந்திருந்தார்கள். அது இப்போது எங்கே ஓடுகிறதோ அங்கே.

மூன்று வருடங்களுக்கு முன் வந்த வெள்ளத்தில் ஆறு தடம் மாறியிருந்தது. கடைசி வளைவில் வழக்கம்போல் வடக்கே திரும்பாமல், எதிரே இருந்த மணல்மேட்டை உடைத்துக்கொண்டு நேராகக் கடலுக்குள் போய்விட்டது. போகிற போக்கில் மணல்மேட்டை ஒட்டியிருந்த தெருவை முழுசாக வாரிக்கொண்டு போனது. முந்தின நாளே எல்லாரையும் வெளியேற்றியிருந்ததால் உயிர் பிழைத்தார்கள், வீடுகள் பிழைக்கவில்லை. அந்தத் தெருக்காரர்கள் இப்போது பள்ளிக்குப் பின்னால் உள்ள அடுக்குக் குடியிருப்பில் இருக்கிறார்கள். 'ஆ' பிரிவில் பாதிப் பிள்ளைகள் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான்.

பாடப்புத்தகமோ வெள்ளத்துக்கு முன்னால் எழுதப்பட்டது. வருடா வருடம் அட்டையை மட்டும் மாற்றி அச்சடித்தார்கள். அதில் ஆறு இன்னும் சமர்த்தாக வடக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

புவியியல் ஆசிரியையைப் பிள்ளைகள் டூர் டீச்சர் என்றுதான் சொல்வார்கள், அவர் காதுபடவே. கணினி அறையில் ஒரு பழைய ப்ரொஜெக்டர் உண்டு. பள்ளியின் இணையம் நத்தை மாதிரி ஊர்ந்ததால், தன் கைபேசியின் இணைப்பைப் போட்டுத்தான் அவர் பாடம் நடத்துவார். எரிமலை வெடித்த மறுநாள் அதன் புகையைச் சுவரில் காட்டுவார். கப்பல்கள் நகர்வதை அந்த நேரத்திலேயே காட்டும் தளத்தைத் திறந்து, கால்வாய் வாயிலில் அவை வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கச் சொல்வார். "இன்னிக்கு எங்க போறோம் டீச்சர்?" என்பதுதான் அந்த வகுப்பின் வணக்கம்.

ஆறுகளைப் பற்றிய பாடம் வந்தபோது, செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கும் தளம் ஒன்றைத் திறந்தார். ஒரே இடத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை படம் எடுத்து அடுக்கி வைத்திருக்கும் தளம் அது. படத்தின் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டர். பல நாள் படங்களில் மேகம்தான் தெரிந்தது. மேகம் இல்லாத இரண்டு நாட்களை, வெள்ளத்துக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக, பிள்ளைகளே தேடி எடுத்தார்கள். நடுவில் ஒரு கோட்டை இப்படியும் அப்படியும் இழுத்தால் பழைய படமும் புதிய படமும் மாறி மாறித் தெரியும்.

முதல் வரிசையில் சில்லு என்று எல்லாரும் கூப்பிடும் பெண் இருந்தாள். அவள் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனாள்.

"டீச்சர், இந்த நீலப் புள்ளி எங்க வீடு. அம்மா தகரத்துக்கு நீல பெயிண்ட் அடிச்சாங்க."

யாரோ கோட்டை இழுத்தார்கள். நீலப் புள்ளி இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர். சில்லு வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"புத்தகத்துல மட்டும் ஆறு எங்க வீட்டுப் பக்கமே வரலையே டீச்சர்."

"ஆமா. நீ எங்க வரைவே?"

"வந்த இடத்துலதான்."

டீச்சர் அதோடு விடவில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொது வரைபடம் ஒன்று இணையத்தில் உண்டு. அதிலும் ஆறு பழைய இடத்திலேயே கிடந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து பிள்ளைகள் அந்தக் கோட்டைத் திருத்தினார்கள். எங்கோ ஒரு நாட்டிலிருந்து யாரோ, "ஏன் மாற்றினீர்கள், ஆதாரம் என்ன?" என்று கேட்டு எழுதினார். படத்தின் தேதியைக் கொடுத்தார்கள். "நல்ல வேலை, நன்றி" என்று பதில் வந்தது. அன்றைக்கு அந்த வகுப்பை யாராலும் அடக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் அந்த முட்டைகள்.

தலைமையாசிரியர் கெட்டவரில்லை. ஆனால் தேர்ச்சி விழுக்காடு என்ற சொல்லைக் கேட்டாலே அவர் பதறிப்போவார். டூர் டீச்சரை அறைக்குக் கூப்பிட்டு, விடைத்தாள் கட்டை மேசையில் நகர்த்தி வைத்தார்.

"டூர் எல்லாம் போதும் டீச்சர். புத்தகத்துல இருக்கிறதைச் சொல்லிக் கொடுங்க. மத்ததை ஓய்வு நேரத்துல, பொது அறிவா வெச்சுக்கலாம்."

"ஆறு ஓடுறது பொது அறிவு, ஓடாதது பாடமா சார்?"

"விவாதம் பண்ணாதீங்க. எனக்கும் தெரியும் ஆறு எங்க ஓடுதுன்னு."

"தெரிஞ்சே தப்பாச் சொல்லிக் கொடுக்க எனக்கு வாய் வராது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். ஏகப்பட்ட பேர் கோபமா இருக்காங்க. என்கிட்ட சொன்னதை அவங்ககிட்ட சொல்லுங்க பார்ப்போம்."

வீட்டில் டூர் டீச்சரின் கணவர் சாப்பாட்டு மேசையில் ஒரு கைபேசியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கைபேசி பழுது பார்க்கும் கடை அவருடையது. கடையில் முடியாதது வீட்டுக்கு வரும். திருகாணிகளை ஒரு மூடிக்குள் ஒதுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அஞ்சு மார்க்குக்காக ஆத்தோட சண்டையா?"

"ஆத்தோட என்ன சண்டை? அது பாட்டுக்குப் போகுது. அதைப் பார்க்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறவங்களோடதான்."

"வேலைக்கு வேட்டு வெச்சுக்காதே. அவ்வளவுதான் சொல்வேன்."

"அவ்வளவுதான்னா சொன்னதோட நிறுத்திக்குங்க," என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுப்படிக்குப் போனார். கணவர் சிரித்துக்கொண்டே திருகாணியைத் தேடினார்.

சனிக்கிழமை கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றித்தான் எல்லாரும் கேட்டார்கள். ஒரு தந்தை, "என் பையன் ஒழுங்கா மனப்பாடம் பண்ணினதை நீங்க கெடுத்துட்டீங்க," என்றார். டூர் டீச்சர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கெல்லாம் அவர் தயாராகத்தான் வந்திருந்தார். கடைசி வரிசையிலிருந்து சில்லுவின் அம்மா எழுந்தபோது வந்ததற்குத்தான் அவர் தயாராக இல்லை.

சில்லுவின் அம்மா பஸ் கண்டக்டர். பணியிலிருந்து நேராக வந்திருந்தார். சீருடை, தோளில் தோல்பை.

"எனக்கு மார்க் பத்திக் கவலை இல்ல," என்றார். குரல் உயரவில்லை. "என் பொண்ணு என் போனை எடுத்து அந்த வீட்டைத் தேடித் தேடிப் பார்க்கிறா. ஒவ்வொரு செங்கல்லும் நானும் அவங்க அப்பாவும் தூக்கி வெச்சது. பஸ் அந்தப் பக்கம் போனா ஆத்தைப் பார்க்காம சீட்டு கிழிக்கிற மாதிரி திரும்பிக்கிறேன் நான். அதை நீங்க சுவத்துல பெரிசாப் போட்டுக் காட்டியிருக்கீங்க. சொல்லாம, கேட்காம."

மேகமில்லாத நாளைத் தேடிய உற்சாகத்தில் அந்தத் தெருப் பிள்ளைகளின் முகத்தைத் தேட டூர் டீச்சருக்குத் தோன்றியிருக்கவில்லை.

"வீட்டுல சொல்லிட்டுக் காட்டியிருக்கணும். நான் செய்யல. மன்னிச்சுக்குங்க," என்றார். பிறகு ஒரு மூச்சு விட்டு, "ஆனா அவ வரைஞ்சது தப்புன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன். யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்," என்றார்.

தலைமையாசிரியர் இதுதான் சமயம் என்று எழுந்தார். "அதான் அம்மா, இனிமே இந்தப் படமெல்லாம் இருக்காது. புத்தகப்படி மட்டும்தான் நடத்துவோம். உங்களுக்கும் மனக்கஷ்டம் இல்ல."

கண்டக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"புத்தகத்துல ஆறு எங்க சார் ஓடுது?"

"பழைய இடத்துலதான். அதை மாத்த எங்களுக்கு அதிகாரம் இல்லை."

"அப்போ எங்க வீடு எப்படிப் போச்சு சார்?"

அந்தத் தெருவிலிருந்து வந்திருந்த மற்றவர்களும் தலைமையாசிரியரையே பார்த்தார்கள்.

"நாங்க அங்க இருந்ததும் புத்தகத்துல இல்ல, போனதும் இல்ல. புத்தகத்தைப் பார்த்தா நாங்க சும்மா பொழுது போகாம இங்க வந்து குடியிருக்கிற மாதிரி இருக்கு." பையை நாற்காலியில் இறக்கி வைத்தார். "டீச்சர், அந்தப் படத்தைப் போடுங்க. நான் இன்னும் பார்க்கல."

கணினி அறையில் இடம் போதவில்லை. பலர் வாசலில் நின்றார்கள். டூர் டீச்சர் இந்த முறை யாரையும் கோட்டை இழுக்க விடவில்லை. மவுஸைக் கண்டக்டர் கையிலேயே கொடுத்தார். அவர் பழைய படத்திலேயே நெடுநேரம் நின்றார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, இது உங்களுது, இது டெய்லர் வீடு, இது நாம் தண்ணீர் பிடித்த குழாயடி என்று பேசிக்கொண்டார்கள். யாரோ சிரிக்கவும் செய்தார்கள். பிறகு அவர் கோட்டை மெதுவாக இழுத்தார். தண்ணீர் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அதையும் பார்த்து முடித்தார்.

"இதுக்கு முட்டை போட்டவங்களைப் பார்க்க எங்க போகணும்?" என்று கேட்டார்.

கண்டக்டரின் விடுமுறை நாளில் அவரும் டூர் டீச்சரும் மாவட்டத் தேர்வு அலுவலகத்துக்குப் போனார்கள். தேர்வு அதிகாரி மரியாதையானவர். உட்காரச் சொன்னார். படங்களைப் புரட்டிப் பார்த்தார். பொது வரைபடத்தில் பிள்ளைகள் செய்த திருத்தத்தைப் பார்த்து, "பிரமாதம்," என்றுகூடச் சொன்னார். பிறகு எல்லாவற்றையும் அடுக்கி, ஓரம் தட்டி, திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க சொல்றது எல்லாம் சரி. நான் தினமும் புதுப் பாலம் வழியாத்தான் வரேன். ஆனா விடைக்குறிப்பு புத்தகத்தை வெச்சுத்தான். புத்தகம் மாறுற வரைக்கும் எங்களைப் பொறுத்தவரை ஆறு அங்கதான் இருக்கு."

"அப்போ புதுப் பாலத்தை எதுக்கு மேல கட்டியிருக்காங்க சார்?" என்றார் டூர் டீச்சர்.

அதிகாரி புன்னகைத்தார்.

கண்டக்டர் சொன்னார்: "எங்க பஸ்ஸும் அந்தப் பாலத்துலதான் போகுது. டிரைவர் உங்க புத்தகத்தைப் பார்த்து ஓட்டினார்னு வெச்சுக்குங்க, எல்லாரும் நேரா தண்ணிக்குள்ள. அப்பவும் புத்தகம் சரி, பஸ்தான் தப்புன்னு சொல்லுவீங்களா?"

பக்கத்து மேசையில் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். அதிகாரியின் புன்னகை கொஞ்சம் சுருங்கியது.

"அரையாண்டு மார்க்கை மாத்த வழியில்ல. முழு ஆண்டுத் தேர்வுக்கும் இதே விடைக்குறிப்புதான் இருக்கும். பிள்ளைங்களைத் தயார் பண்ணிடுங்க."

"என் பிள்ளைங்க இதே பதிலைத்தான் எழுதுவாங்க சார்."

"எழுதட்டும். ஆனா மார்க் அவங்களுக்குத்தான் போகும் டீச்சர். உங்களுக்கில்ல."

வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோது அந்தக் கடைசி வாக்கியம்தான் டூர் டீச்சரைக் குடைந்தது. அந்த ஆள் சொன்னதிலேயே அது ஒன்றுதான் உண்மை. கண்டக்டர் பஸ் வரும் திசையைப் பார்த்தார். பிறகு, "வாங்க, பஸ் வந்துடும்," என்றார். பாலத்தின்மேல் போகும்போது இருவரும் ஆற்றைப் பார்த்தார்கள். மதகு திறந்திருப்பார்கள் போல. தண்ணீர் கரை தொட்டு ஓடியது.

பள்ளிக்குத் திரும்பியபோது கணினி அறை பூட்டியிருந்தது. புவியியல் பாட வேளையில் மட்டும் அது பூட்டியிருக்கும் என்று பியூன் தயங்கித் தயங்கிச் சொன்னார். சாவி தலைமையாசிரியரிடம்.

அன்று வீட்டில் டூர் டீச்சர் இதைச் சொன்னபோது அவர் கணவர் திருகாணிகளை ஒதுக்கியபடியே கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வாங்க ஆள் வராமல் கடையில் கிடந்த பழைய கைபேசிகள். ஒன்றில் கண்ணாடி விரிசல். ஒன்றில் ஒலி வராது. இன்னொன்று சார்ஜரோடு இருந்தால்தான் உயிரோடிருக்கும்.

"படம் தெரியும். அது போதுமில்ல?" என்றார்.

"வேலைக்கு வேட்டுன்னீங்க?"

"சொன்னதோட நிறுத்திக்கச் சொன்னியே, நிறுத்திட்டேன்."

அதன் பிறகு வகுப்பறையிலேயே, பெஞ்சுக்கு ஒரு கைபேசி வைத்துப் பாடம் நடந்தது. விரிசல் விட்ட கண்ணாடியில் பாலைவனங்களைப் பார்த்தார்கள். மழை வருகிறதா என்று ராடார் படத்தைப் பார்த்துச் சொல்லி, விளையாட்டு ஆசிரியரிடம் நல்ல பெயர் வாங்கினார்கள். தலைமையாசிரியர் இரண்டொரு முறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனார். கைபேசிகளைப் பறிக்க அவருக்கு மனம் வரவில்லையா, தைரியம் வரவில்லையா என்பது யாருக்கும் தெரியாது.

முழுத் தேர்வு நெருங்கியதும் டூர் டீச்சர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"தேர்வு அலுவலகத்துல என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியணும். புத்தகத்துல இருக்கிற கோட்டை வரைஞ்சா அஞ்சு மார்க். ஆறு ஓடுற இடத்துல வரைஞ்சா முட்டை. இது உங்க மார்க். என்னுது இல்ல. எனக்காக யாரும் எதுவும் செய்ய வேண்டாம். புத்தகக் கோட்டை வரைஞ்சா நான் கோபப்படவே மாட்டேன்."

வரைபடத்தைத் தலைகீழாகப் பிடிப்பவனின் நண்பன், கடைசி பெஞ்சுக்காரன், கையைத் தூக்கினான்.

"ரெண்டையும் வரைஞ்சா என்ன டீச்சர்?"

"கள்ளாட்டம்," என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள்.

சில்லு எழுந்தாள். "கள்ளாட்டம் இல்ல. டீச்சர் காட்டின பெரிய ஆறுகளோட வரைபடத்துல, தண்ணி போன பழைய தடத்தைப் புள்ளிக்கோடாப் போட்டிருந்தாங்க. புள்ளிக்கோடுன்னா முன்னாடி இருந்துச்சு, இப்போ இல்லைன்னு அர்த்தம். நாம புத்தகத்தோட ஆத்தைப் புள்ளியில போடுவோம். நம்ம ஆத்தை முழுக்கோடாப் போடுவோம். பக்கத்துல எழுதிடுவோம், எது பழசு எது புதுசுன்னு."

"அப்பவும் முட்டை போட்டா?" என்றான் ஒருவன்.

"போடட்டும். எங்க அம்மா மறுபடியும் போவாங்க."

வகுப்பு சிரித்தது. டூர் டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார், எழுத எதுவும் இல்லாவிட்டாலும்.

பிள்ளைகள் அதோடு நிற்கவில்லை. அத்தை மகன், சித்தி மகள், பழைய தெருத் தோழி என்று ஒவ்வொருவருக்கும் மாவட்டத்தின் வேறு வேறு பள்ளிகளில் ஆட்கள் இருந்தார்கள். செயற்கைக்கோள் படத்தின் இணைப்பு கைபேசி கைபேசியாகப் பரவியது. கண்டக்டரின் பஸ்ஸில் ஏறிய வேறு பள்ளி ஆசிரியை ஒருவர், "அந்த ஆத்துப் படம் உங்க பொண்ணு வகுப்புதானா?" என்று விசாரித்தாராம்.

முழுத் தேர்விலும் அதே கேள்வி வந்தது. விடைத்தாள் திருத்தும் கூடத்தில் கட்டைப் பிரித்தவர்கள் கட்டுக்குக் கட்டு புள்ளிக்கோட்டைக் கண்டார்கள். ஒரு பள்ளி என்றால் அடித்துத் தள்ளிவிடலாம். இது பல பள்ளிகளிலிருந்து வந்திருந்தது. சிலர் முழு மதிப்பெண் போட்டார்கள். சிலர் முட்டை போட்டார்கள். ஒரு மூத்த ஆசிரியை சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "பேரப் பிள்ளைங்க வயசுல இருக்கிறதுங்க ஆறு எங்க ஓடுதுன்னு சரியாப் போட்டிருக்கு. நான் தப்புன்னு போட மாட்டேன். வேற ஆளைப் பாருங்க," என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். கூடத்தில் சலசலப்பு. அலுவலகத்துக்குத் தொலைபேசி போனது. மாலைக்குள் வாய்மொழி உத்தரவு வந்தது: இரண்டு இடங்களில் எதைக் குறித்திருந்தாலும் மதிப்பெண் தரலாம்.

எது சரி என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அரையாண்டில் போன மதிப்பெண் போனதுதான். ஆனாலும் சில்லு தன் தாளில் ஐந்தைப் பார்த்துவிட்டு வந்து, "ஆறு ஜெயிச்சிருச்சு டீச்சர்," என்றாள். கண்டக்டர் அன்றைக்கு மகளைத் தான் வேலை பார்க்கும் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு, ஜன்னலோர இருக்கையில் உட்கார வைத்துப் பாலத்தைக் கடந்தார். அவர் முகத்தைத் திருப்பவில்லை என்று சில்லு பிறகு சொன்னாள்.

காலை வணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியர், "நம் பள்ளியின் முயற்சியால்," என்று தொடங்கி அதை அறிவித்தார். டூர் டீச்சர் வரிசையின் ஓரத்தில் நின்று கை தட்டினார். அடுத்த கல்வியாண்டின் பாடவேளை அட்டவணையில், ஒன்பதாம் வகுப்பு அவரிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தது. அவருக்கு ஆறாம் வகுப்பு மட்டும்.

"தண்டனைன்னு நினைக்காதீங்க," என்றார் தலைமையாசிரியர். "சின்னப் பிள்ளைங்க. புத்தகமும் சின்னது. அங்க வம்பு வர வழியே இல்ல."

"சரி சார்," என்றார் அவர்.

ஆறாம் வகுப்பின் முதல் பாடம் திசைகள். புத்தகத்தில், சூரியன் சரியாகக் கிழக்கில் உதிக்கும் என்று ஒரு சிரிக்கும் சூரியனோடு போட்டிருந்தது. டூர் டீச்சர் அட்டைப்பெட்டியைத் திறந்து கைபேசிகளை எடுத்துப் பெஞ்சுக்கு ஒன்றாகக் கொடுத்தார். உலகத்தின் எந்த இடத்தில் எந்த நாளில் சூரியன் எந்தத் திசையில் எழும் என்று கோடு போட்டுக் காட்டும் தளத்தைத் திறக்கச் சொன்னார். பிள்ளைகள் தங்கள் ஊரைத் தேடிப் பிடித்தார்கள். ஒரு குட்டிப் பெண் படத்தையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மிஸ், இன்னிக்கு சூரியன் கிழக்குல இல்ல. கொஞ்சம் வடக்கே தள்ளி வந்திருக்கு."

"அப்படியா? போன் சொல்றதையும் அப்படியே நம்பாதே. புத்தகம் சொல்றதையும் நம்பாதே. நாளைக்குக் காலையில எல்லாரும் மொட்டை மாடிக்கு வாங்க. திசைகாட்டி நான் கொண்டு வரேன். பார்த்துட்டு எழுதுவோம்."

தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த தலைமையாசிரியர் வாசலில் நின்றுவிட்டார்.

"டீச்சர், புத்தகத்துல கிழக்குன்னுதானே…"

"நீங்களும் வாங்க சார்," என்றார் அவர். "கொஞ்சம் சீக்கிரமே எழுந்திரிக்கணும்."